எவ்வளவு தொகைக்கு இன்ஷ்யூர் செய்வது?

நம் தமிழ் மன்றத்தின் செயலர் இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஏதேனும் ஓர் இலக்கியப் பொருள்பற்றி நான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். காரியவட்டத்தில் வணிகவியல் படித்த நாளில் தமிழ்ப் பற்றினால் இம்மன்றத்தில் சேர்ந்தவன் நான். இன்று கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதி வாழ்கிறேன். எனவே எனக்குத் தெரிந்த பொருளையே எழுதத் துணிந்தேன். குடும்பத்தலைவன் ஒருவன் தன் உயிர்மீது எவ்வளவு தொகைக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்கவேண்டும், எவ்வகைப் பாலிசி எடுக்கவேண்டும் என்பதே அப்பொருள். இது சாவைப்பற்றிய பேச்சாயிற்றே என்று மாணவ நண்பர்கள் முகம் சுளிக்கவேண்டா. இருப்பவர்கள் இருக்கும் வகையைப்பற்றிய பேச்சே இது.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பிறர் கணக்கில் ஒரு காசு பிசகவிடமாட்டார். 1985-இல், திருமணத்திற்கு முன்னரே, நண்பர் ஒருவர் வற்புறுத்த, 25,000 ரூபாய்க்கு 25 ஆண்டுப் பாலிசி ஒன்று எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் தவணை கட்டினார். பிறகு வீட்டில் ஒரு நெருக்கடி வரவே, ‘அடுத்த ஆண்டு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்’ என்று நிறுத்திவிட்டார். அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை. 2001-இல் எனக்குப் பத்து வயதாயிருக்கையில் அவர் மாரடைப்பால் மறைந்தார்.

அம்மா தம் தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பாலிசியை எடுத்தார். இருபத்தைந்தில் பன்னிரண்டு பங்கே கட்டியிருந்தமையால், 25,000 ரூபாய் 12,000 ரூபாயாகச் சுருங்கியிருந்தது. அதனோடு அதுவரை சேர்ந்த போனஸ் கொஞ்சம். எங்கள் வீட்டுச் செலவுக்கு அது சில மாதங்களுக்குத்தான் காணும். அதுவும் உடனே கைக்கு வரவில்லை. பாலிசியில் நாமினியாக எழுதியிருந்தது என் பாட்டியின் பெயர். பாட்டியோ 1994-லேயே காலமாகிவிட்டார். திருமணமானபின் பெயரை மாற்றவேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. ஆகவே வாரிசுச் சான்றிதழ் வேண்டியதாயிற்று. அதற்கு விண்ணப்பம், விசாரணை, கெஜட்டில் விளம்பரம், ஆட்சேபத்திற்குக் காலக்கெடு என்று படிகள் பல. கரமனையிலிருந்து அம்மா நடக்க, நான் குடை பிடித்துக்கொண்டு உடன் நடந்த மழைநாட்கள் இன்னும் நினைவில் உள்ளன. பதினொரு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் அம்மாவின் இரண்டு வளையல்கள் போய்விட்டன.

இதில் எவர்மீதும் எனக்குக் குறையில்லை. அப்பா மூன்று பிழைகள் செய்தார்: தொகை போதவில்லை, தவணையை விட்டார், பெயரை மாற்றவில்லை. இம்மூன்றையும் மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பழைய கதை

ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் என்பது அடிப்படையில் பலர் கூடிச் சிலர் துன்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒரே வயதுடைய ஆயிரம் பேர் கூடி, தம்முள் எவர் இறந்தாலும் அவர் குடும்பத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக முடிவுசெய்கிறார்கள் என்று கொள்வோம். ஓராண்டில் இருவர் இறப்பர் எனின் வேண்டிய பணம் இரண்டு இலட்சம். ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் போதும். (இருவர் என்பது விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்.) இறப்பவர் யார் என்று எவராலும் சொல்லமுடியாது, எத்தனை பேர் என்பதை மட்டும் ஏறத்தாழச் சொல்லமுடியும். இந்த எண்ணிக்கையை வயதுவாரியாக அட்டவணையாக்கி 1693-இல் வெளியிட்டவர், வால்மீனால் நாம் அறிந்த எட்மண்டு ஹாலி. 1744-இல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு பாதிரியார்கள், இறந்த பாதிரியார்களின் மனைவி மக்களுக்காக, இத்தகைய கணக்கின்மேல் ஒரு நிதியை நிறுவினர்.

நம் நாட்டில் 1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனி தோன்றிற்று. ஆயினும் ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியர் உயிருக்குக் கூடுதல் பிரீமியம் கேட்டுவந்தன. அந்த வேற்றுமையின்றி இந்தியருக்கும் சம விகிதத்தில் பாலிசி தந்தது 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம். நம் திருவிதாங்கூரும் பின்தங்கிவிடவில்லை. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில், 1898-இல், அரசு ஊழியர்க்கென ஓர் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. இன்றும் கேரள அரசின் இன்ஷ்யூரன்ஸ் துறை அவ்வழியில் நடந்துவருகிறது. 1956 செப்டம்பர் முதல் நாள், நாட்டிலிருந்த 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கேரள மாநிலம் பிறந்தது. நாஞ்சில் நாடு சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து தனியார் கம்பெனிகளும் மீண்டும் இத்தொழிலில் இறங்கியுள்ளன.

நாஞ்சில் நாடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்ற நூலை ஒரு பெண் தன் கதையைச் சொல்வதாகவே பாடினார். கணவன் இறந்தால் அவன் சொத்து மருமகனுக்கு. மனைவியும் மக்களும் தெருவுக்கு. இந்த நிலையைத்தான் அவர் நகைச்சுவையோடும் கண்ணீரோடும் காட்டினார். 1926-இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றிற்று. சட்டம் மாறிவிட்டது; ஆயினும், ‘அவர் போனபின் இந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?’ என்ற கேள்வி மாறவில்லை. உரிமை இருந்தாலும், விட்டுச்செல்லப் பொருள் இருக்கவேண்டுமன்றோ?

தொகையைக் கணக்கிடுதல்

‘ஆண்டு வருமானத்தைப்போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது தவறன்று, ஆனால் செருப்புக் கடையில் காலை அளக்காமல் வாங்குவது போன்றது. அளந்து வாங்குவதே நல்லது. அளக்கும் முறையை என் வீட்டுக் கணக்கைக்கொண்டே காட்டுகிறேன். எங்கள் வீட்டில் நான், மனைவி, நான்கு வயது மகள், அம்மா ஆக நால்வர். என் சம்பளம் மாதம் 58,000 ரூபாய்.

முதலாவது, வீட்டுச் செலவு. கடன் தவணை நீங்கலாக மாதம் 30,000 ரூபாய் ஆகிறது. இதில் என் ஒருவனுக்காக ஆவது 6,000. நான் இல்லையெனில் வேண்டியது மாதம் 24,000, ஆண்டுக்கு 2,88,000. மகள் தன் காலில் நிற்க இன்னும் இருபது ஆண்டு வேண்டும் என வைத்தால் 57,60,000 ரூபாய்.

விலைவாசி ஏறுமே என்று கேட்கலாம். ஏறும். ஆனால் அந்தத் தொகை முழுவதும் முதல் நாளே செலவாகிவிடாது. வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருந்து வட்டி ஈட்டும். வட்டியும் விலையேற்றமும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று கொண்டேன். இது துல்லியமான கணக்கன்று, எளிய கணக்கு. ஆகவேதான் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிடவேண்டும்.

இரண்டாவது, கடன். வீட்டுக் கடன் பாக்கி 16,00,000 ரூபாய். மூன்றாவது, பெரிய செலவுகள். மகளின் மேற்படிப்புக்கு 10,00,000. அம்மாவின் மருத்துவத்திற்கும் மனைவியின் முதுமைக்குமாக 8,00,000. ஆக மொத்தம் 91,60,000 ரூபாய்.

நான்காவது, கழிக்கவேண்டியவை. என் வருங்கால வைப்புநிதியில் 6,00,000. வங்கி வைப்பு 3,60,000. இவை போக நிற்பது 82,00,000. நான் 85 இலட்சம் என்று முழுமையாக்கிக்கொண்டேன்.

கழிக்கக்கூடாதவை சில உண்டு. குடியிருக்கும் வீட்டைக் கழிக்கக்கூடாது. வீட்டை விற்றால் குடும்பம் எங்கே போகும்? வேலை தரும் நிறுவனம் எடுத்துள்ள குழு இன்ஷ்யூரன்சையும், வைப்புநிதியோடு இணைந்து 7 இலட்சம் ரூபாய்வரை வரும் காப்பையும் நான் கழிக்கவில்லை. அவை வேலையோடு வந்தவை. வேலை போனால் உடன் போகக்கூடியவை.

எவ்வகைப் பாலிசி?

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். எண்டோமெண்ட், மணிபேக் முதலிய பாலிசிகளில் காப்பும் சேமிப்பும் கலந்திருக்கும். குறித்த காலம் உயிரோடிருந்தால் தொகை நமக்கே திரும்ப வரும். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் எளிய வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். 85 இலட்சத்தை 25 ஆண்டு கழித்து எல்லோருக்கும் திருப்பித் தரவேண்டுமானால், ஆண்டுக்கு அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கையொட்டி, அதாவது 3,40,000 ரூபாயையொட்டி, வாங்கியாகவேண்டும். என் சம்பளத்தில் அது நடவாது. நடவாதபோது என்ன செய்கிறோம்? தவணையைக் கையாகிற அளவுக்குக் குறைத்து, அத்தவணைக்கு வரும் ஐந்து இலட்சப் பாலிசியோடு நின்றுவிடுகிறோம். என் தந்தையார் செய்ததும் இதுவே.

டெர்ம் பாலிசி என்பது காப்பு மட்டுமே. காலத்திற்குள் இறந்தால் குடும்பத்திற்கு முழுத்தொகை, பிழைத்திருந்தால் ஒன்றுமில்லை. என் வயது 34. புகைப் பழக்கம் இல்லை. எனக்கு 60 வயதுவரை 85 இலட்சத்திற்கு ஆண்டுத் தவணை பதினான்காயிரம் ரூபாயையொட்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளின் தவணைக்கு ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டுவிட்டது.

‘பிழைத்திருந்தால் பணம் வீண்தானே?’ என்று அம்மா கேட்டார். ‘வீட்டுக்குக் காவல் வைத்தோம், திருடன் வரவில்லை. காவற்காரன் சம்பளம் வீணாயிற்று என்று அழலாமா, அம்மா?’ என்றேன். அம்மா சிரித்துவிட்டார். சேமிப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வைப்புநிதி, அஞ்சலகச் சேமிப்பு, மகளுக்குச் சுகன்யா சம்ருத்தி என அதற்கு வேறு வழிகள் உண்டு. எண்டோமெண்ட் பாலிசியும் சிலருக்குப் பயன்படும். கட்டாயம் இல்லாவிட்டால் ஒரு காசும் சேர்க்கமாட்டாதவர்க்கு அது ஒரு கடிவாளம். ஆனால் காப்பு போதுமான அளவு எடுத்தபின்னரே அது வரவேண்டும்.

காலத்தை எவ்வளவு நீட்டுவது? எண்பத்தைந்து வயதுவரை காப்புத் தரும் பாலிசிகளும் விற்கப்படுகின்றன. நம் வருமானத்தை நம்பிப் பிறர் வாழும் காலம்வரை போதும். அறுபதில் கடன் தீர்ந்து, மகளும் தன் வாழ்வில் நின்றுவிட்டால், அதன்பின் என் சாவினால் குடும்பத்திற்கு வருத்தமுண்டு, பண நஷ்டமில்லை.

எவர் உயிர்மீது?

என் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பெருமையோடு மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “நான் போனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லையோ?” என்றாள். நான் விழித்தேன். அவள் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லி மாதம் 8,000 ரூபாய் ஈட்டுகிறாள். அதைவிட, மகளையும் அம்மாவையும் பார்த்துக்கொள்வது அவள். அவள் இல்லையெனில் அவ்வேலைகளுக்கு ஆள் வைக்கவேண்டும்; நானும் இப்போதுபோல நேரம் பாராமல் வேலை செய்யமுடியாது. பத்து ஆண்டுக்கு மாதம் 20,000 வீதம் கணக்கிட்டாலே 24 இலட்சம் ஆகிறது. அவள் பேரிலும் 25 இலட்சத்திற்கு எடுக்க முடிவுசெய்தோம். வீட்டுவேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்பதனால் அதற்கு விலையில்லை என்று எண்ணுவது ஆண்களாகிய நமது பிழை. குழந்தையின் உயிர்மீது பாலிசி எடுக்கவில்லை. அவள் வருமானத்தை நம்பி எவரும் இல்லை.

மறைக்கக்கூடாதவை, மறக்கக்கூடாதவை

விண்ணப்பத்தில் உண்மையை எழுதவேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, முன்பிருந்த நோய், பிற பாலிசிகள் ஆகிய எதையும் மறைக்கலாகாது. என்னிடம் வந்த ஒரு முகவர், “இரண்டாண்டுக்கு முன் விட்ட சிகரெட்டை எதற்கு எழுதவேண்டும்?” என்றார். நான் எழுதினேன். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு கழிந்தபின், எக்காரணம் பற்றியும் அதனைக் கம்பெனி மறுக்கலாகாது என்கிறது இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. அம்மூன்று ஆண்டுக்குள் பொய் வெளிப்பட்டால் அவதிப்படுவது பொய் சொன்னவனல்லன், அவன் மனைவி.

நாமினியின் பெயரைத் திருமணம், பிறப்பு, இறப்பு நிகழும்போதெல்லாம் பார்த்துத் திருத்தவேண்டும். நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்கவேண்டியவரே, உரிமையாளர் அல்லர் என்று 1983-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை நாமினியாக்கினால் அவர்களே உரிமையும் உடையவராவர்.

கடன்காரர் தொல்லை உள்ளவர்களும், வியாபாரம் செய்வோரும் இன்னொன்று அறியவேண்டும். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி, மனைவி மக்களின் நன்மைக்கென்று பாலிசி எடுத்தால், அது அவர்களுக்கான தர்மகர்த்தாச் சொத்தாகிவிடும். கடன்காரர் அதில் கைவைக்கமுடியாது. எடுத்தவரும் பின்னர் மனம் மாறி அதைத் திரும்பப் பெறமுடியாது. பாலிசி எடுக்கும்போதே இதற்கெனத் தனித் தாளில் எழுதித் தரவேண்டும். மருமக்கள்வழிக் காலத்தில் இதை அறிந்திருந்தவர் எத்தனை பேரோ!

தவணை தவறினால், ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாளும், மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. டெர்ம் பாலிசியில் அதுவும் கடந்தால், அப்பாவுக்குக் கிடைத்த 12,000 போன்ற மிச்சம்கூட இராது. வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியுமாறு நான் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

பாலிசி கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் பிடிக்காவிடில் திருப்பித்தரலாம். ஆகவே அந்த முப்பது நாளில் அதைப் படியுங்கள். பின்னாளில் கம்பெனியிடம் முறையிட்டும் தீராத வழக்குகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் குறைகேள் அதிகாரி, அதாவது ஆம்புட்ஸ்மன், இருக்கிறார். கேரளத்திற்கு அவருடைய அலுவலகம் கொச்சியிலும், தமிழ்நாட்டிற்குச் சென்னையிலும் உள்ளது. வழக்கறிஞர் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

சிறு வருவாயினர்க்கு

சாலையில் மூட்டை சுமப்பவருக்கும், பூக்கடை வைத்திருப்பவருக்கும் 85 இலட்சம் பேசுவது கேலியாகும். 2015-இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டத்தில், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 50 வயதுடையார் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய். இறந்தால் 2 இலட்சம். 55 வயதுவரை தொடரலாம். விபத்துக் காப்புக்கென 20 ரூபாய்த் திட்டம் ஒன்றும் உண்டு. இன்னும் சற்று முடிந்தவர்க்கு, 2021 முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளோடு தரவேண்டிய சரள் ஜீவன் பீமா என்ற எளிய டெர்ம் பாலிசி இருக்கிறது. 5 முதல் 25 இலட்சம்வரை எடுக்கலாம். அதில் முதல் 45 நாளில் விபத்தினால் நேரும் சாவுக்கு மட்டுமே காப்பு உண்டு என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

மாணவ நண்பர்களே, உங்களை நம்பி எவரும் வாழவில்லையெனில் இப்போது உங்களுக்குப் பாலிசி வேண்டியதில்லை. எவர் வந்து சொன்னாலும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஆனால் உங்கள் கல்விக் கடனுக்குத் தந்தையோ தாயோ உடன் கையெழுத்திட்டிருந்தால், அக்கடன் அளவுக்காவது உங்கள் உயிர்மீது காப்பு இருத்தல் நலம். பிள்ளையை இழந்த பெற்றோர் அவன் கடனையும் சுமக்கலாகாது.

மற்றொன்று இன்றே செய்யலாம். வீட்டுக்குப் போனதும், “அப்பா, உங்கள் பாலிசி எங்கே இருக்கிறது? நாமினி யார்? தவணை கட்டியாயிற்றா?” என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலில் கோபம் வரலாம், அல்லது, “நான் செத்துப்போவேன் என்று பார்க்கிறாயா?” என்று சிரிக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்து வயதில் அக்கேள்விகள் தெரியவில்லை.

எங்கள் இரண்டு பாலிசிகளும் இப்போது அம்மாவின் அதே தகரப் பெட்டியில் இருக்கின்றன. மேலே ஒரு தாளில் பாலிசி எண், தொகை, யாரிடம் போகவேண்டும், என்னென்ன தாள் கொடுக்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அதை ஒருமுறை படிக்கச்சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “இதை உங்கப்பா எழுதி வைத்திருக்கலாம்” என்றார். பிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார்.